சூட்டு மூலை யாருக்கு

போன குளிரில் வந்த வெள்ளைக்கழிச்சல் நோய் ஓக்புன்னின் கோழிக்கூட்டைத் துடைத்துவிட்டுப் போயிற்று. தப்பியது ஒரு செங்கோழி மட்டும். வைக்கோலில் முட்டைகளை வரிசையாகக் கட்டிச் சந்தைக்குச் சுமந்துதான் மகள் ஹேரானைப் படிக்க வைத்தவள் ஓக்புன். முட்டையின் ருசியைக் கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். இப்போது செங்கோழி அடையில் உட்கார்ந்திருந்தது. குஞ்சு பொரிந்தால்தான் கூடு மறுபடி நிறையும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வருகிறார் என்று சேதி வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் வரவு. கொரியாவின் ஜொல்லாப் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு முட்டையிடும் பெட்டைக் கோழியைத்தான் மாமியார் அடித்துப் போட வேண்டும். சந்தைக் கோழியைப் போட்டால் புகுந்த வீட்டில் மகளுக்கு மரியாதை இருக்காது.

"முதல்ல கோழி. முட்டையெல்லாம் அப்புறம்" என்றான் கணவன் தொக்சு.

"அந்தக் கோழியே முட்டைல இருந்துதானே வந்துச்சு? முட்டைய விட்டுட்டா அடுத்த தடவை எதை அடிப்பீங்க?"

"நமக்கு இருக்கறது ஒரே பொண்ணுடி!"

"ஏன், இதே மாப்பிள்ளை அடுத்த வருசம் வரமாட்டாரா?"

கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் புனிம் விடவில்லை. "ஹேரான் அம்மா, கோழி முந்தியா முட்டை முந்தியான்னு உங்க வீட்டுல பெரிய வழக்காமே. பதில் எங்க சேவலுக்குத்தான் தெரியும். அது வாயத் தொறக்க மாட்டேங்குது!"

ஓக்புன்னும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு இரண்டும் வேண்டும். மகளின் மானமும் வேண்டும், குஞ்சுகளும் வேண்டும்.

மாப்பிள்ளை வரும் நாள் காலையில் கோழியைப் பானைக்கு அனுப்பினாள். முட்டைகளை உள்ளறைக்குக் கொண்டுவந்தாள். அந்த அறையின் தரைக்கடியில் அடுப்பின் அனல் ஓடும். அடுப்பை ஒட்டிய மூலைதான் நல்ல சூடு. வயலிலிருந்து இன்னும் திரும்பாத கணவனின் சோற்றுக் கிண்ணத்தை அங்கேதான் போர்வைக்குள் பொதிந்து வைப்பாள். இன்று வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, அதே போர்வையால் மூடினாள். அவ்வப்போது ஒன்றை எடுத்துக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தாள். தொக்சுவிடம் சொல்லவில்லை. முட்டைகள் புனிம் வீட்டுக் கோழியிடம் போய்விட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒன்றை மட்டும் அவள் மறந்தாள். அந்த மூலைதான் விருந்தாளியின் இடம்.

மாப்பிள்ளை தாக் ஹேரானோடு வந்து குனிந்து வணங்கினான்.

"சூட்டுப் பக்கம் போய் உக்காருங்க" என்றான் தொக்சு.

"ஐயோ, நீங்க உக்காருங்க மாமா."

"என்ன பேச்சு இது? போங்க போங்க."

"இருக்கட்டும் மாமா."

தொக்சு அவன் தோளைப் பிடித்துப் போர்வையின் மேல் அமுக்கப் போனான். குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்ற ஓக்புன் அலறினாள்:

"அங்க உக்காராதீங்க!"

மாப்பிள்ளையைப் பார்த்து எந்த மாமியாரும் சொல்லாத வார்த்தை. ஹேரானின் முகம் வெளுத்தது. "அம்மா!" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

போர்வைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. தாக் மண்டியிட்டுப் போர்வையின் ஓரத்தைத் தூக்கினான். ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. அதில் ஒரு சின்ன மூக்கு. அவன் முட்டையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான்.

"இதோட அம்மாவா அத்தை?"

"ஆமாங்க மாப்பிள்ளை. அடை கெடந்த கோழி, எலும்பும் தோலுந்தான். பூண்டும் பச்சரிசியும் நெறையப் போட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தாக் போர்வையைப் பழையபடி மூடினான். தனக்குப் போட்டிருந்த திண்டை இழுத்துக்கொண்டு கதவோரம், சில்லிட்ட தரைக்குப் போய் உட்கார்ந்தான். "மாமா, நீங்களும் இப்பிடி வாங்க." கிண்ணத்தை இரு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அத்தை, தரை ஆறுது. கொஞ்சம் வெறகு தள்ளுங்க."

ஓக்புன் அடுப்படிக்குப் போய் பைன் சுள்ளிகளை உள்ளே தள்ளினாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள். ஹேரான் பின்னாலேயே வந்தாள்.

"அவருக்குக் கோவமெல்லாம் இல்லம்மா. பொரிஞ்சதும் ரெண்டு குஞ்சு கேக்குறாரு."

"குடுத்துட்டாப் போச்சு" என்றாள் ஓக்புன். நெருப்பைக் கிளறிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வளந்தப்புறம் சேவலாப் பாத்துத் தரேன்னு சொல்லு."