ஆமையைப் பார்த்து மூச்சை மிச்சம் பிடித்த மருதை

மருதை வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறினால் பாலக்கரை ரயில் ஸ்டேஷன் வரை கேட்கும். இதை அவன் அக்கா வெள்ளையம்மாள் சும்மா சொல்லவில்லை. 1957 தை மாதத்தில் ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் போய் நின்று கேட்டுவிட்டுத்தான் சொன்னாள். எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரை தலைகீழாகத் தெரியும். புருஷன் போனபின் வரகனேரியிலிருந்த தம்பி வீட்டுக்கு வந்து, அவனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மருதை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருவருக்கு ஒருவர்தான்.

1961 ஆடிப்பெருக்கன்று இருவரும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளிக்கப் போனார்கள். வெள்ளையம்மாள் ஈரப்புடவை பிழிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு லேகியக்காரன் கூடையில் ஆமையை வைத்துக்கொண்டு போட்ட பிரசங்கத்தை மருதை முழுசாகக் கேட்டுவிட்டான்.

வீட்டுக்கு வந்தவன் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா. நாய் நிமிஷத்துக்கு முப்பது மூச்சு. பதினாலு வயசு. மனுஷன் பதினஞ்சு. நூறு. ஆமை அஞ்சு. நூத்தம்பத்தஞ்சு."

"யாருடா சொன்னா?"

"லேகியக்காரரு."

"அவன் மூச்சு விடாம கத்திட்டு இருந்தானேடா!"

"அதான்க்கா. மூச்சு விடலை பாரு."

இதற்குமேல் மூச்சைச் செலவழிக்க அவன் தயாராக இல்லை. ரசம் வேண்டுமா என்று கேட்டதற்கு ஒற்றை விரலை ஆட்டினான். மறுநாள் முதல் மருதை ஆமையானான். எழுந்து நிற்பதற்குள் காப்பி ஆறிவிடும். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான். தெருநாய் இரைக்க இரைக்க ஓடுவதைப் பார்த்தால், சின்ன வயதிலேயே போகப்போகிறதே என்று கண் கலங்கினான்.

பத்து நாள் பொறுத்தாள் வெள்ளையம்மாள். பிறகு சோற்றுத் தூக்கோடு மண்டிக்கே போய்விட்டாள்.

பூவன் தார்களை அடுக்கி வைத்து, நடுவே மருதை நின்றுகொண்டிருந்தான். "ஒரு தரம்" என்றான். கோயிலில் ரகசியம் சொல்வது போல இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டான். வியாபாரிகள் காத்திருந்தார்கள். ஒருவர் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டும் வந்தார். பிச்சைமுத்து என்ற மொத்த வியாபாரி அக்காவிடம் வந்தார்.

"ஏங்க, உங்க தம்பி ஒரு தரம் சொன்னப்ப நான் சவரம் பண்ணிக்கப் போனேங்க. வந்து பார்த்தா இன்னும் ரெண்டு தரம் வரலை. அதுக்குள்ள மறுபடி தாடி முளைச்சிடும் போலிருக்கு."

"தார் பழுக்குறதுக்குள்ள மூணு தரம் வந்துடும், இருங்க" என்று சிரித்தார் இன்னொருவர்.

மண்டி முதலாளி பரக்கத் அலி சிரிக்கவில்லை. "ஏம்மா, பதினெட்டு வருஷமா எங்கிட்ட இருக்கான். எனக்கும் மனசு கேக்கலை. ஆனா சனிக்கிழமை மொந்தன் ஏலம். பழைய குரல் வந்தா இருக்கட்டும், வரலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குறேம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளையம்மாள் கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலோடு உட்கார்ந்தாள். அழித்து அழித்து மூன்று முறை கணக்குப் போட்டாள். மூன்று முறையும் ஒரே விடைதான். தம்பியைக் கூப்பிட்டாள்.

"எனக்கு நாப்பத்திரண்டு. உனக்கு முப்பத்தெட்டு. நான் எல்லாரும் மாதிரி மூச்சு விடறவ. நூறுல போயிடுவேன். அப்ப உனக்கு என்ன வயசு?"

மருதை விரல் மடக்கினான். "தொண்ணூத்தாறு."

"நீ நூத்தம்பத்தஞ்சு வரைக்கும் இருப்பே. மிச்சம்?"

மருதை மறுபடி விரல் மடக்கினான். விரல் போதவில்லை.

"அம்பத்தொம்பது வருஷம். யாருடா உனக்குச் சோறு போடுவா? காய்ச்சல்னா யாரு கஞ்சி வெப்பா? அந்த ஆமையா?"

மருதை தாளை வாங்கிப் பார்த்தான். தள்ளிப் பிடித்தும் பார்த்தான். அம்பத்தொம்பது அப்படியேதான் இருந்தது. பிறகு நெஞ்சு காலியாகும்படி ஒரு பெருமூச்சு விட்டான். இத்தனை நாள் சேமிப்பு அந்த ஒன்றிலேயே போயிருக்கும்.

"கூடுதலா இருக்கிறதை எப்படிக்கா கரைக்கிறது?"

"எப்படிச் சேர்த்தியோ, அதுக்கு எதிர்மாறா."

சனிக்கிழமை அவள் தூக்கோடு போய்ச் சேருமுன்பே, மண்டிக்கு இரண்டு தெரு தள்ளி மருதையின் குரல் கேட்டது. பெருமையில் அவளுக்கு நடை தானாக வேகம் பிடித்தது. உள்ளே கூரைத் தகரம் அதிர்ந்தது. "ஒரு தரம்!" என்ற அலறலில் பிச்சைமுத்து பதறிக் கையைத் தூக்கிவிட்டார், வேண்டாத நாற்பது தார் மொந்தன் அவர் தலையில் விழுந்தது. பரக்கத் அலி இரண்டு கையையும் மேலே ஏந்தி நன்றி சொன்னார்.

மருதை நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, அம்பத்தொம்பது வருஷத்தையும் அன்றைக்கே தீர்த்துவிடுகிறவன் போலக் கத்திக்கொண்டிருந்தான். வெள்ளையம்மாள் கொஞ்ச நேரம் ரசித்தாள். பிறகு உதடு மட்டும் அசைய ஏதோ கூட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

"டேய், போதும்டா! மெதுவா! எனக்கு முன்னாடி போயிடப் போறே!"

மருதை அவளைத் திரும்பிப் பார்த்தான். நிதானமாக ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான்.

"மூணு தரம்" என்றான், எல்லாரையும் போல.