அம்புரோஸ் வீட்டுச் சுவரில் நீலக் கோடு

ஜெயஸ்ரீயோடு தெருவில் நடந்து போவது எரிச்சலான வேலை. நாலு அடிக்கு ஒரு தரம் நின்றுவிடுவாள். சுவரில் ஈரக்கறை தெரிந்தால் தடவிப் பார்ப்பாள். டீ வருவதற்குள், போன வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பலகைவரை ஏறியது என்று டீக்கடைக்காரரைக் குடைந்து முடித்திருப்பாள். உனக்கேன் இந்த வம்பு என்று கேட்டால், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்பாள். திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில், விசைப்படகில் போகிற தாமோதரனின் மகள். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு எங்கள் சர்வே கம்பெனியில் லெவல் எடுக்கிறாள், அதாவது இடத்துக்கு இடம் மட்டத்தை அளக்கிறாள். நான் அதே ஆபீஸில் வரைபடம் போடுகிறவன். அவள் கேட்டு வருவதெல்லாம் கடைசியில் என் கம்ப்யூட்டரில்தான் கோடாக வந்து விழும். அதனால் அவள் தலைவலி எனக்கும் தலைவலி.

எர்ணாவூர் பக்கம் ஒரு மழைநீர்க் கால்வாயை எடுத்துக் கட்டப்போகிறார்கள். சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று சொல்ல, பெருவெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வரும் என்று முதலில் கணிக்க வேண்டும். மழையைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பகுதி தாம்பாளம் மாதிரி தட்டை. முகத்துவாரத்தில் கடல் ஏறி நிற்கிற நேரத்தில் மழைநீர் வெளியே போகாமல் தெருவுக்கே திரும்பி வரும். அதனால் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க, பழைய வெள்ளம் விட்டுப்போன கறைகளைத் தேடி உயரம் எடுப்பது வழக்கம். 2015 வெள்ளத்தின் கறைக்காக ஜெயஸ்ரீ அந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டாள். ரேஷன் கடைச் சுவர், சர்ச் மதில், டிரான்ஸ்ஃபார்மர் மேடை எல்லாம் ஒரே மட்டத்தைச் சொல்லின. தெருவில் நெஞ்சளவு தண்ணீர். எங்கள் கணக்கிலும் அதுவே வந்தது. ஒத்துவராதது அம்புரோஸ் வீடு மட்டும்தான்.

அம்புரோஸ் ராயபுரத்திலிருந்து இங்கே குடிவந்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கால்வாய்க் கரைத் தெருவில் மற்றவர்கள் கறைமேல் பெயின்ட் அடித்து மறைத்துவிட்டார்கள். அவர் சுவரில் மட்டும், ஆள் உயரத்துக்கும் மேலே, வெள்ளம் வந்த தேதியோடு ஒரு நீலக் கோடு. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதைப் புதுப்பித்துவிடுவார். கோட்டுக்கு ஒரு கதையும் உண்டு. வெள்ளத்தன்று தெருவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவும் அவள் கைக்குழந்தையும் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். அம்புரோஸ் திரும்பிப் போய், ஒரு கையில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, மறு கையால் தாயை இழுத்துக்கொண்டு நீந்தி வந்தார். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது எதைக்கொண்டு நீந்தினார் என்று யாரும் கேட்டதில்லை. 'நீச்சல் அம்புரோஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவி டோரதி மட்டும் கதை ஆரம்பித்ததும் சமையற்கட்டுக்குள் போய்விடுவார்.

அந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் எப்படி அவ்வளவு எம்பும்? ஜெயஸ்ரீக்குச் சோறு இறங்கவில்லை. கால்வாயின் வளைவில் தண்ணீர் முட்டி ஏறியிருக்குமோ என்று போய்ப் பார்த்தாள். வளைவு அதற்கு அப்பால் இருந்தது. குறுக்கே போகிற குழாயில் குப்பை அடைத்திருக்குமோ என்று விசாரித்தாள். அந்தக் குழாயே வெள்ளத்துக்குப் பிறகு போட்டதாம்.

எங்கள் இன்ஜினீயர் திலீப் பொல்லாதவர் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்தவர் அடித்துச் சொல்வதை, நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ள முடியாது என்றார். தாழ்வான இடத்தில் சுவரைக் குறைத்துப் போட்டுவிட்டு நாளைக்கு யாராவது மூழ்கினால் யார் பதில் சொல்வது என்றும் கேட்டார். நியாயம்தான். நீலக் கோட்டை வைத்து வரைந்தேன். சுவர் உயர்ந்தது. உயர்ந்த சுவருக்கு அடித்தளம் அகலமாக வேண்டும். அந்த அகலம் கரையோர வீடுகளின் வரிசையை அப்படியே விழுங்கியது. முதல் வீடு அம்புரோஸுடையது, அடுத்தது ரஹீமுன்னிசாவுடையது. வரைந்த கைக்கே கூசியது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயஸ்ரீ என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனாள். வீட்டு வாசலில் நின்று படிகளையே பார்த்தாள். அக்கம்பக்கத்தில் இரண்டு இரண்டு படிதான். அம்புரோஸ் வீட்டுக்கு ஏழு. கேட்டால், வெள்ளத்துக்கு அப்புறம் ஜாக்கி வைத்து வீட்டையே நாலடி தூக்கினோம் என்று டோரதி சொன்னார். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. ரோடு ஏற ஏற வீட்டையும் ஏற்றுவோம். ஜெயஸ்ரீயின் கண் மின்னியது. அப்படியானால் கோடும் கூடவே ஏறியிருக்குமே என்றாள். இல்லவே இல்லை, தூக்கின பிறகு ரோட்டிலிருந்து அளந்து புதிதாகப் போட்ட கோடு அது என்று அம்புரோஸ் முறைத்தார்.

அவள் வாதாடவில்லை. வரைபடத்தை விரிக்கச் சொன்னாள். அதற்குள் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இந்தக் கோடு உண்மை என்றால் சுவர் இங்கே வரும், இந்த வீடுகள் இருக்காது என்று விரலை வைத்துக் காட்டினாள். அம்புரோஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"கோடும் கூடவே ஏறிடிச்சிம்மா. நான் ஒண்ணும் அளக்கல. அவ்ளோ ஒசரத்துல கோட்டப் பாத்துட்டு, நீந்தியா வந்தேன்னு ஒருத்தன் கேட்டான். ஆமான்னுட்டேன். அப்டியே ஓடிகினு கீது. எனுக்கு நீச்சலே வராது. நடந்துதான் வந்தேன்."

கூட்டத்தில் ஒருவன் சிரிக்க வாயெடுத்தான். ரஹீமுன்னிசா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

"எனுக்குத் தெரியும்ண்ணே," என்றாள். "ஒங்க சட்டயப் புடிச்சிகினு பின்னாலயே நடந்தவ நானு. எனுக்குக் களுத்து வரிக்கும் தண்ணி. நீங்க காலால தடவித் தடவி, பள்ளம் கீது, இங்க வைம்மான்னு சொல்லிகினே வந்தீங்க."

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். அண்ணன் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் எதற்கு நடுவில் என்றாள்.

நாலடியைக் கழித்ததும் அம்புரோஸ் வீட்டுக் கோடு, ரேஷன் கடையோடும் சர்ச் மதிலோடும் வந்து சேர்ந்துகொண்டது. திங்கட்கிழமை திலீப் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மட்டத்தை மாற்றச் சொன்னார். நான் மறுபடி வரைந்தேன். சுவர் அந்த வரிசை வீடுகளைத் தொடாமல் போனது. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டு வரப் போனோம். அம்புரோஸ் படியில் உட்கார்ந்திருந்தார். தெருவைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்றார்.

வீடுகள் தப்பியதைச் சொல்லிவிட்டு நான் கிளம்பப் பார்த்தேன். ஜெயஸ்ரீ நகரவில்லை. அவளிடம் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"அங்கிள், நீச்சல் வராதுன்றீங்க. பள்ளம் எங்க கீதுன்னும் தெரியாது. அப்பால எப்டி எறங்குனீங்க?"

இதைக்கூடவா கேட்பார்கள் என்பதுபோல அவர் அவளைப் பார்த்தார்.

"கொயந்த அயுதுகினு இருந்திச்சேம்மா," என்றார்.