கேத்தல் கீரியின் இரண்டு வீடுகள்

நான் பிறந்த ஊரில் எனக்குப் போத்தல் தண்ணீர்தான். திருகோணமலையில், துறைமுகக் கப்பல்களின் ஊதல் முற்றம்வரை கேட்கும் எங்கள் பழைய வீட்டில், எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க, எனக்கு மட்டும் மூடி முறுக்கித் திறக்கிற போத்தல். "உனக்கு ஒத்துவராது தம்பி" என்கிறார் அக்கா. பதினெட்டு வயதுவரை இதே கிணற்றைக் குடித்துத்தானே வளர்ந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது வேற வயிறு" என்று முடித்துவிட்டார். கட்டிலுக்குப் புது விரிப்பு, குசினியில் எனக்கென்று தனியாக ஒரு முள்ளுக்கரண்டி. இந்தப் பரிவுதான் மூன்றாம் நாள் என்னைக் கொல்லப் பார்த்தது.

நான் இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். அங்கே சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் பழைய புத்தகச் சந்தை கூடும். ஐம்பதுகளில் வந்த சிறுவர் படப்புத்தகங்களை அங்கேதான் பொறுக்குகிறேன். சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்திருக்கும் அந்தக்கால அச்சு, துணி ஒட்டிய முதுகு, முதற்பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை கோணலாக எழுதிய பெயர். ஈரம் பிடித்திருக்கிறதா என்று மூக்கை வைத்து மணந்து பார்த்துத்தான் வாங்குவேன். ஒருநாள் கடைக்காரப் பெண்மணி யாருக்கு வாங்குகிறேன் என்று கேட்டார். எனக்குத்தான், சின்ன வயதில் வாசித்த புத்தகம் ஒன்றைத் தேடுகிறேன் என்றேன். அவர் என்னை மிகுந்த கனிவோடு பார்த்து, முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய், புதிதாக ஆங்கிலம் படிக்க வருகிறவர்களுக்கான அடுக்கின் முன்னால் நிறுத்திவிட்டார். நானும் நன்றி சொல்லி அதில் ஒன்றை வாங்கிவந்தேன். பயந்தாங்கொள்ளி வேறென்ன செய்வான்?

அவருக்கு இதை எப்படி விளக்குவது? அப்பா துறைமுகப் பட்டறையில் தச்சர். தம் நாட்டுக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேயக் குடும்பம் அவரிடம் விட்டுப்போன பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. பாட்ஜர் என்ற பிராணி ஒன்று கையில் கேத்தலோடு பனியில் வழிதவறித் தன் வீட்டைத் தேடி அலைகிற கதை. நாங்கள் பாட்ஜரையும் கண்டதில்லை, பனியையும் கண்டதில்லை. அதனால் அதற்குக் கேத்தல் கீரி என்று பெயர் வைத்தோம். கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது. கீரி ஆற்றங்கரையில் திகைத்து நிற்கும், அதோடு சரி. ஐந்து வயதில் நான் அந்த இடம் வரும்போதெல்லாம் அழுவேனாம். பதினொரு வயது அக்கா, அப்பாவின் தச்சுப் பென்சிலால் இரண்டு ஒற்றைத் தாள்களில் முடிவை வரைந்து தைத்துவிட்டார். கீரி மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறும், குடாவைக் கடக்கும், கட்டைபறிச்சானில் எங்கள் மாமி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கும். நான் அழுகையை நிறுத்திய கையோடு, அக்கா வரைந்த கால்களைப் பார்த்துப் பகிடி பண்ணத் தொடங்கினேன்: "கீரிக்கு ஆட்டுக்கால்." பிறகு சண்டைக்காலத்தில் ஊரைவிட்டு ஓட வேண்டிவந்த ஒவ்வொரு தடவையும், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களோடு அதே பொட்டலத்தில் அந்தப் புத்தகத்தையும் கட்டிக்கொண்டு ஓடியவர் அக்காதான்.

போன வருடம் சந்தையில் அதே புத்தகம் முழுதாக அகப்பட்டது. உண்மையான முடிவில் கீரி ஒரு பாலத்தைக் கடந்து, பனி மூடிய தன் வளைக்குள் போய்ச் சேர்கிறது. எனக்கு அது யாரோ சொன்ன பொய்யைப் போலிருந்தது. ஆனாலும் பெருமை விடவில்லை. கடைசிப் பக்கங்களைப் படம் எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "உண்மையான முடிவு கிடைச்சிட்டுது" என்று ஒரு வரியும் எழுதினேன். இம்முறை வரும்போது, அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து வையுங்கோ என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எடுத்து வைத்திருந்தார். மண்ணிறத் தாளில் புது உறை போட்டு, மூலை மடித்து, பள்ளிக்கூடம் தொடங்கும் நாளுக்குப் போல. கைகழுவித் துடைத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். லோஞ்சு இல்லை, மாமி வீடு இல்லை. நான் அனுப்பிய படம் கலரில் பளபளத்தது. மூலையில் என் பெருவிரலும் சேர்ந்து அச்சாகியிருந்தது.

"எப்பிடி, வடிவாக் கிடக்கே? கொமினிக்கேசன் கடையில அச்செடுத்து ஒட்டினனான். இனி வெள்ளைக்காரருக்கும் கூச்சமில்லாமல் காட்டலாம்."

"பழைய ஒற்றை ரெண்டும் எங்க அக்கா?"

"அதையே? எங்கயோ போட்டன். கிறுக்கல்தானே."

ஆங்கிலேயரோடு நெடுங்காலம் பழகியதில் என் முகம் தானாகவே பரவாயில்லை என்று சிரித்தது. உடம்பு குசினிக்குள் ஓடிக் குப்பை வாளியைக் கவிழ்த்தது. கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர், அத்தான், தலையை நிமிர்த்தினார்.

"என்ன மச்சான் தேடுறீர்?"

"ஒண்டுமில்லை அத்தான்."

"ஒண்டுமில்லாததை மீன்செதிலுக்குள்ளயோ தேடுறது?"

"குப்பை வண்டி எப்ப வாறது?"

"காலமையே வந்திட்டுப் போட்டுது."

அத்தானின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். வண்டியைத் துரத்திப் பிடித்து, ஊர்க்குப்பை முழுவதையும் கிளறி இரண்டு தாளை எடுப்பதாகத் திட்டம். உடுத்திருந்த சாரம் சைக்கிள் சங்கிலிக்குள் சிக்கி வாசற்படலையடியிலேயே விழுந்தேன். பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கவில்லை, என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனது. அக்கா ஓடிவந்தார், கையில் போத்தல் தண்ணீரோடு.

மண்ணில் இருந்தபடியே சொன்னேன்: "அக்கா, நான் அங்க அந்தப் புத்தகம் நாலு வாங்கி வைச்சிருக்கிறன். நாலிலயும் கடைசி பிழை. கீரி மாமி வீட்டை போகேல்லை. உங்கட ரெண்டு ஒற்றையையும் பாக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

அக்கா போத்தலை என் பக்கத்தில் வைத்தார். உள்ளே போய்க் கை கழுவினார். புத்தகத்தையும் ஒரு சவர பிளேடையும் எடுத்துவந்து, புது உறையின் மடிப்பை மெதுவாகக் கீறினார். மட்டைக்கும் உறைக்கும் இடையில், தடிப்புக் கொடுக்க நாங்கள் பள்ளிப் புத்தகங்களுக்கு மட்டைத்துண்டு வைப்பதுபோல, முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக அந்த இரண்டு ஒற்றைகளும் இருந்தன.

"எறிய மனம் வரேல்லை. வெளியில வைச்சால் நீ திரும்பவும் ஆட்டுக்கால் எண்டு சிரிப்பாய். அதுதான் உள்ளுக்கு வைச்சனான்."

நான் இரண்டையும் வாங்கி மடியில் விரித்தேன். அத்தான் எட்டிப் பார்த்தார். "உண்மையில ஆட்டுக்கால்தான்" என்றார். முதலில் சிரித்தவர் அக்கா.

புறப்படும் நாள், புத்தகத்தைத் தரமாட்டேன் என்றார். "அது இங்க கிடக்கட்டும். பேத்திக்கு உன்ர பெருவிரல்ல நல்ல விருப்பம். என்ர ஒற்றை ரெண்டையும் நீ கொண்டு போ."

அப்படியே கொண்டுவந்து, இங்கே என் நல்ல பிரதியின் கடைசியில் வைத்திருக்கிறேன். நாள் தவறாமல் திருப்பிப் பார்க்கிறேன். கீரி பாலத்தைக் கடந்து, பனியைத் தட்டிவிட்டு, தன் வளைக்குள் வந்து, கேத்தலை அடுப்பில் வைக்கிறது. அடுத்த ஒற்றையைத் திருப்பியதும், தண்ணீர் கொதிக்குமுன்னே அதைத் தூக்கிக்கொண்டு, ஆட்டுக்காலால் மூதூர் லோஞ்சுக்கு ஓடுகிறது.