பிரிட்ஜ் விளக்கும் இரண்டு வயதுப் பிள்ளையும்

எண்பதுகளின் கடைசியில் நான் வடமேற்கு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தின் வீட்டில், மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கு இருந்தேன். கீழே அவர்கள் மூன்று பேர்: பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த தாய், அச்சகமொன்றில் வேலை செய்த தகப்பன், இரண்டு வயதான ஒரு மகள். வாடகையை அவர்கள் குறைத்திருந்தார்கள். அதற்கு ஈடாக வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, ஓய்வுநாளுக்கு வீட்டை ஆயத்தப்படுத்துவது என் பொறுப்பு. வெள்ளி மாலை பொழுது சாய்வதற்கு முன்னிருந்து சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்கள் மின்சாரத்தைத் தொடமாட்டார்கள். போடவும் மாட்டார்கள், நிறுத்தவும் மாட்டார்கள். எரிவது எரியும். அணைந்தது அணைந்தபடி கிடக்கும்.

எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் படித்துவிட்டு வந்தவள் நான். இங்கே ஒரு வேலைத்தலத்தில் சர்க்யூட் போர்டுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு போர்டோடும் ஒரு தாள் வரும். அளந்து பார்த்து, வரிக்கு வரி சரி அடையாளம் போட்டு, கடைசியில் கையெழுத்து வைக்க வேண்டும். அளக்காமல் சரி போடுகிறவர்களை அங்கே வைத்திருக்கமாட்டார்கள். அப்படிப் போட்ட ஒருத்தியைப் பற்றி மேலதிகாரியிடம் போய்ச் சொன்னவளே நான்தான்.

அந்த வீட்டுக்கும் ஒரு தாள் தயாரித்தேன். பதினான்கு வரிகள். வேலைத்தலத்தில் பிரதி எடுத்து, வாரத்துக்கு ஒன்றாகக் குசினியில் சமையல் சாமான் வைக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுவேன். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை நிரப்பி மூட்டுவது, சாப்பாட்டறை விளக்குக்கு டைமர் வைப்பது, மலகூடத்துத் தாளை முன்கூட்டியே கிழித்து அடுக்குவது. கிழிப்பதும் அந்த நாளில் கூடாது. ஏழாவது வரி பிரிட்ஜ். கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும் என்பதால், முன்பு தாய் ஒவ்வொரு வெள்ளியும் பல்பைக் கழற்றி வைப்பார். பல்ப் பூட்டும் இடம் தேய்ந்து போயிருந்தது. நான் அதற்குப் பதிலாக, வெள்ளிதோறும் கதவோரத்தில் இருந்த சிறிய பொத்தானை அழுத்திப் பிடித்து, அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, ஓய்வுநாள் முடிந்ததும் உரித்தெடுப்பேன். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே பிரிட்ஜ் எண்ணிக்கொள்ளும். தாய்க்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவார். "இவ ஒண்டையும் மறக்கமாட்டா" என்பார். அதைக் கேட்பதற்காகவே நான் சில நாட்களில் தேவையில்லாமல் கீழே இறங்கி வந்திருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம்தான். எனக்கு இப்போது நினைவில் நிற்பது எங்கள் தமிழில்.

வெள்ளிக்கிழமைகளில் சின்னவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிவாள். என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கியிருந்தேன். டேப்பில் ஒரு துண்டு வெட்டி அவளுடைய புறங்கையில் ஒட்டினால், அதை உரித்து என் முழங்காலில் ஒட்டுவாள், பிறகு நாற்காலியில், பிறகு தன் நெற்றியில். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவளைத் தூக்கிப் பிடிப்பேன். மெழுகுப் பென்சிலால் அந்த வரிக்கு நேரே ஒரு கீறு கீறுவாள். அதுதான் எங்கள் சரி.

ஜூன் மாதத்து வெள்ளி ஒன்றில், நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் தொலைபேசி அடித்தது. ரெய்னர்ஸ் லேனில் இருந்த என் பெரியம்மாவின் மகள்.

"புது வீடியோப் படக்கொப்பி வந்திருக்கு. நாளைக்குக் காலமை கடையில திருப்பிக் குடுக்கோணும். ஏழு மணிக்குப் போடப்போறம். வாறியோ?"

"இண்டைக்கு வெள்ளி அக்கா. வேலை இருக்கு."

"என்ன வேலை? கக்கூசுப் பேப்பர் கிழிக்கிற வேலையோ? அதுக்கோ உன்னைக் கொம்மா கம்பஸ் வாசல் வரைக்கும் படிப்பிச்சவ?"

"ஆறுக்கு வெளிக்கிடப் பாக்கிறன்."

"பிந்தினா முதல் பாட்டு இல்லை. அத்தான் ஒருத்தருக்காகவும் நிப்பாட்டமாட்டார், சொல்லிப்போட்டன்."

ஐந்தரைக்கு, வரிசைப்படி அல்லாமல் கைக்கு வந்தபடி, பதினொரு வரி முடிந்திருந்தது. மூன்று மிச்சம். சின்னவள் மெழுகுப் பென்சிலோடு என் காலடியில் நின்று, தூக்கு தூக்கு என்று கையை நீட்டினாள். அவளைத் தூக்கிக் கீற வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போகும். நான் பேனையை எடுத்து மிச்சமிருந்த மூன்றுக்கும் நானே சரி போட்டேன். தாய் வந்ததும் தாளைப் பார்ப்பார், நான் உடனே வெளிக்கிடலாம். செய்துவிட்டுப் போடுவதற்கும், போட்டுவிட்டுச் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. அவள் அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே இரண்டைச் செய்தேன். மூன்றாவதற்கு முன் தாய் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

முதல் பாட்டுக்கு முன்னரே போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது குசினியில் பிரிட்ஜ் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே வடிந்த தண்ணீருக்குத் துவாய் ஒன்று விரித்திருந்தார்கள். தகப்பன் தொழுகைக்குப் போயிருந்தார். தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.

"பிரிட்ஜுக்குள்ள விளக்கு எரியுது" என்றார்.

அந்த நாளில் அவர் என்னிடம் ஒரு வேலையைச் செய் என்று கேட்கமாட்டார். நிலைமையைச் சொல்வார். நான் கதவை மூடினேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் எடுக்கத் திறந்தபோது விளக்கு எரிந்திருக்கிறது. மூடினால் அணையும், ஆகவே மூடவில்லை. விடிய பால் திரைந்துவிட்டது. கடைக்குப் போக முடியாது. தெருமுனையில் தெரிந்தவர் வீட்டில் பால் இருந்தது, ஆனால் தெருவால் எதையும் தூக்கிக்கொண்டு வருவதும் அன்று கூடாது. பிள்ளையையும் தூக்கக் கூடாது. எனவே தகப்பன் அவளை நடத்திக் கூட்டிப்போய், அங்கேயே குடிக்க வைத்து, நடத்திக் கூட்டி வந்திருக்கிறார்.

"வரேக்க பாதி வழியில இவ நடக்கமாட்டன் எண்டு நிலத்தில இருந்திட்டா" என்றார் தாய். "அவரும் பக்கத்தில இருந்தாராம். அரை மணித்தியாலம். தபால்காரன் ரெண்டு பேருக்கும் குட்மோர்னிங் சொல்லிப்போட்டுப் போனானாம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம், பிறகு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிட இலகுவான தருணம் எனக்கு வாய்த்திருக்காது.

"நீர் டேப் ஒட்டினீர்தானே?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அலுமாரிக் கதவைத் திறந்து தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஏழாவது வரிக்கு நேரே என் பேனைச் சரி இருந்தது.

"ஓம், ஒட்டினனான்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "சின்னவள் உரிச்சிருப்பா. அவவுக்கு டேப் எண்டா விருப்பம்."

தாய் மடியில் இருந்தவளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "நீயோ உரிச்சனீ?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். அந்த வயதில் எதைக் கேட்டாலும் ஓம்தான். சந்திரனைத் தின்றாயா என்றாலும் ஓம்.

"பிரிட்ஜ் உனக்கில்லை. தொட்டா நீ கூடாத பிள்ளை, கெட்ட பிள்ளை" என்றார் தாய். அவர் குரலை உயர்த்தவில்லை. நான் மேலே போய், கட்டிலில் கோட்டோடு இருந்தேன்.

அடுத்த வாரம் தகப்பன் பிரிட்ஜ் கதவில் ஒரு கொளுக்கி பூட்டினார். வெள்ளிப் பின்னேரங்களில் நான் வேலை முடிக்கும்வரை பிள்ளையை, குழந்தைகளை விளையாட விடும் கம்பிக் கூட்டுக்குள் விடச் சொன்னார்கள். மெழுகுப் பென்சில் அவளோடு கூட்டுக்குள் இருந்தது. தாளில் என் பேனை மட்டும் ஓடியது. அந்தச் சனிக்குப் பிறகு ஒரு வரியிலும் நான் பிழை விடவில்லை. அதை எழுதும்போதே கூசுகிறது.

ஒரு மாதத்துக்குள் அவள் ஒரு பழக்கம் பிடித்தாள். குசினிக்கு யார் வந்தாலும் பிரிட்ஜுக்கு முன்னால் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். "நான் தொடேல்லை" என்பாள். பிறகு, கேட்காமலே, "நான் உரிச்சனான். கூடாத பிள்ளை" என்பாள். தகப்பன் அதைக் கேட்டுச் சிரிப்பார். விருந்தாளிகளும் சிரிப்பார்கள். நான் கோப்பை கழுவுவேன்.

சொல்லாமல் விட்டதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அறை போய்விடும் என்பது முதலாவது. அது பொய், ஒரு பல்புக்காக அவர்கள் என்னை அனுப்பியிருக்கமாட்டார்கள். பிள்ளை மறந்துவிடும் என்பது இரண்டாவது. மூன்றாவதை நான் அப்போது எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை: ஒன்றையும் மறக்காதவளாக இருப்பது எனக்கு அவ்வளவு விருப்பமாக இருந்தது. அதற்காக ஒரு குழந்தையைக் கூடாத பிள்ளையாக்க என்னால் முடிந்தது.

ஓகஸ்டில் ரெய்னர்ஸ் லேன் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒரு பல்புக்கோ? நான் நினைச்சன் நீ ஆரையோ கூட்டிக்கொண்டு ஓடப்போறாய் எண்டு."

"பகிடி இல்லை அக்கா. அந்தப் பிள்ளை தான்தான் செய்தது எண்டு சொல்லிக்கொண்டு திரியுது."

"ரெண்டு வயசு. நாளைக்கு மறந்திடும்."

"ரெண்டு மாசமா மறக்கேல்லை."

"அப்ப சொல்லன். வாய் இருக்குத்தானே. ரெண்டு வயசுப் பிள்ளையைக் காட்டிக் குடுக்கேக்க இருந்த வாய்தானே." பிறகு அடுப்பில் கறி கருகுது என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு ஒரு நாள் வரும். முழுநாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம். அதற்கு முன் அவரவர் தாங்கள் நோகடித்தவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்பார்கள். கடவுளிடம் கேட்பது அதற்குப் பிறகுதான். அன்று பின்னேரம் தாய் மாமியாரோடு தொலைபேசியில் பேசுவது மேலே கேட்டது. பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் வந்தார். பிறகு படியில் காலடிச் சத்தம். கதவைத் திறந்தேன். பிள்ளை பின்னால் தவழ்ந்து படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"இந்த வருசம் நான் ஏதும் உமக்கு நோகச் சொல்லியிருந்தால், செய்திருந்தால், மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். "மார்ச்சில ஒரு நாள் நீர் பிந்தி வர, நான் வாசலிலயே வெடுக்கெண்டு கதைச்சனான். அது எனக்கு நினைவிருக்கு."

எனக்கு அது நினைவில் இல்லை. "ஒண்டுமில்லை" என்றேன்.

பிள்ளை கடைசிப் படியில் எழுந்து நின்றாள். அன்று முழுக்கத் தாய்க்குப் பின்னால் திரிந்து எல்லோரிடமும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறாள். "சொறி" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். "பிரிட்ஜ் சொறி."

"அவ உரிக்கேல்லை" என்றேன். "நான் டேப் ஒட்டவேயில்லை."

தாய் என்னைப் பார்த்தார். "தாளில சரி இருந்ததே."

"முதலே போட்டிட்டன். பிறகு மறந்திட்டன். நீங்கள் கேக்கேக்க பொய் சொன்னனான்."

அவர் படியில் உட்கார்ந்தார். பிள்ளையை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். பிறகு, "பால் போனது ஒண்டுமில்லை" என்றார். "நான் இவவை மூண்டு மாசம் கூட்டுக்குள்ள விட்டனான். இவவைக் கூடாத பிள்ளை எண்டனான்."

"என்னை மன்னியுங்கோ."

"என்னட்டைப் பிறகு கேளும். முதல் இவவிட்டைக் கேளும்."

நான் அவளுக்கு முன்னால் முழங்காலிட்டேன். "குஞ்சு, நீ செய்யேல்லை. அக்காதான் பிழை. அக்கா பொய் சொன்னனான்."

"இல்லை" என்றாள். "நான்."

"நீயில்லையம்மா."

"நான்" என்றாள், கோபமாக. தன் பொருளை யாரோ பறிக்க வந்தது போல என்னைத் தள்ளினாள். மூன்று மாதமாக அது அவளுடையது. அதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளைக்கும் சொல்லும்" என்றார் தாய். எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "அவ விடுமட்டும் சொல்லும்."

நான் சொன்னேன். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். முதல் சில நாள் சண்டை பிடித்தாள். பிறகு கேட்காததுபோல விளையாடிக்கொண்டிருந்தாள். கொளுக்கியைத் தகப்பன் கழற்றிவிட்டார். அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை. காலை வணக்கம் மட்டும் வழக்கம்போலச் சொன்னார். ஏழாவது வரியைத் தாய் தானே செய்யத் தொடங்கினார். பல்பைக் கழற்றினார், டேப் ஒட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு சனி மதியம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் மறுக்கப் பார்த்தேன், தாய் விடவில்லை. தகப்பனின் அச்சகத்து நண்பர் ஒருவரும் மனைவியும் வந்திருந்தார்கள். மேசையில் கோழியும் கிழங்கும். நண்பர் பிள்ளையிடம் விளையாட்டாக, "பிரிட்ஜை ஆர் பழுதாக்கினது?" என்று கேட்டார். கோடையில் வந்தபோது அவளுடைய பதிலைக் கேட்டுச் சிரித்தவர் அவர்.

அவள் வாயில் இருந்ததை விழுங்கினாள். கரண்டியால் என்னைக் காட்டினாள்.

"அக்கா டேப் ஒட்டேல்லை" என்றாள். "அக்கா பொய் சொன்னவ. நான் இல்லை."

நண்பர் சிரித்துவிட்டு, வேறு யாரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். அவருடைய மனைவி தன் தட்டைப் பார்த்தார். தாய் பாண் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையை அவர் அடக்கவில்லை, பேச்சை மாற்றவுமில்லை. மேசை முழுக்க எனக்காகக் காத்திருந்தது.

"ஓம்" என்றேன். "ஒட்டேல்லை. பொய்தான் சொன்னனான்."

"ஓம்" என்றாள் அவளும். பிறகு இன்னொரு கிழங்கு வேண்டும் என்று தட்டை நீட்டினாள்.