யோகா அக்கா சொன்ன ஒரேயொரு ‘இல்லை’

போன வாரம் அலுவலகத்தில் இருந்தபோது யோகா அக்காவின் கணவர் நடராசா அண்ணனிடமிருந்து தொலைபேசி வந்தது. அண்ணன் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்லர். “தம்பி, யோகா மோசம் போயிட்டா” என்றார். நான் சென்னைக்காரன். எங்கள் ஊரில் மோசம் போவது என்றால் யாரிடமோ ஏமாறுவது. “யாருண்ணே ஏமாத்துனது? போலீசுக்குச் சொல்லிட்டீங்களா?” என்று கேட்டேன்.  “தம்பி, ஆள் முடிஞ்சுது. காலமை எழுப்பப் போனன், எழும்பேல்லை” என்றார்.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குச் சாவு என்றும் பொருள் என்பது, மொன்ட்ரியாலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அக்கா கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அவருடைய தமிழும் என்னுடைய தமிழும் இப்படி முட்டிக்கொள்ளும்போதெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம். இந்தத் தடவை சிரிக்க அவர் இல்லை. நான் எண்ணிப் பார்த்த வரையில், எங்கள் ஊர்ப் பொருளிலும் அவர் மோசம்தான் போயிருந்தார்.

யோகேஸ்வரி நடராசா என்ற யோகா அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளில் அகதியாக வந்தவர். வந்த இரண்டாம் வருஷமே பிரெஞ்சைக் கரைத்துக் குடித்துவிட்டு, நகரின் வட பகுதியான மொன்ட்ரியால்-நோரில், நீதிமன்றம் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் தங்கும் ஓர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். களவு, அடிதடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று ஆளுக்கொரு வழக்கோடு வரும் பையன்கள். “என்ன செய்தனீ எண்டு நான் ஒருநாளும் கேக்கிறேல்லை தம்பி. அதைக் கோட்டிலை கேட்டாச்சு. நான் சாப்பிட்டியோ எண்டு மட்டும்தான் கேக்கிறது” என்பார்.

கூடைப்பந்துக்கு அவர் வந்தது ஒரு முதலாளியின் கணக்கால். பனி வாரும் தொழிலில் சம்பாதித்த அந்த மனிதர், 2005 வாக்கில் இந்த நகரத்தில் ஒரு தொழில்முறை அணியைத் தொடங்கினார். பெரிய ஆட்டக்காரர்களை வாங்க வசதி இல்லை. திறமை உள்ளவன், ஆனால் ஆபத்தானவன் என்று மற்ற அணிகள் கைகழுவிய இளைஞர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதற்கு யாரோ அக்காவைக் கைகாட்டினார்கள். நான் பகலில் மென்பொருள் நிறுவனத்திலும் மாலையில் அந்த அணியின் காணொளிப் பிரிவிலும் வேலை பார்த்தேன். காணொளிப் பிரிவு என்றால் ஒரு கேமராவும் நானும்.

முதல் நாள் அறிமுகத்தில் ‘மதாம் யோகா’ என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் அலபாமாவிலிருந்து வந்த ஆறடி பத்தங்குலப் பையன் ஒருவன் யோகாசனப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். ஐந்தடிகூட இல்லாத அக்கா அவனை அண்ணாந்து பார்த்து, “சாப்பிட்டியோ?” என்று தமிழிலேயே கேட்டார். அவன் தலையாட்டினான்.

அவருக்குக் கூடைப்பந்து துளியும் தெரியாது. முதல் ஆட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஏன் தம்பி அவ்வளவு தூரத்திலை நிண்டு எறியிறான்? கிட்டப் போய்ப் போட்டால் என்ன?” என்றார். “தூரத்துல இருந்து போட்டா மூணு பாயிண்ட் அக்கா. கிட்ட போனா ரெண்டுதான்” என்றேன். “அப்ப கிட்டப் போறவங்களுக்கு விசரோ?” என்றார். விசர் என்றால் பைத்தியம் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் தொலைபேசியில், “அந்த அலபாமாப் பெடியன் மறியலிலை தம்பி” என்றார். எங்கள் ஊரில் மறியல் என்றால் சாலையில் உட்கார்ந்து கோஷம் போடுவது. நானும் “எதுக்குக்கா போராட்டம்?” என்று விசாரித்தேன். மறியல் என்றால் சிறை என்று எனக்கு விளங்கவைத்துவிட்டு, மெத்ரோ ரயிலில் யாரையோ பிடித்துத் தள்ளியிருக்கிறான், நான் போய்க் கூட்டி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாலைப் பயிற்சிக்கு அவனை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வந்தார். 

அவருடைய வேலைமுறை என்று ஒன்று இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் தங்கள் கார்ச் சாவியை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அது அவருடைய கைப்பையில் இருக்கும். முடிந்ததும் உடைமாற்றும் அறையின் வாசலில் அவர் நிற்பார், பையன்கள் வரிசையில் வருவார்கள். “குனியடா” என்பார். குனிவார்கள். மூச்சை முகர்ந்து பார்ப்பார். பியர் வாடை இல்லையென்றால் சாவி, இருந்தால் பேருந்துச் சீட்டு. பார்க்க வந்த ஒரு பத்திரிகைக்காரர் அதை ஏதோ இந்து மத ஆசீர்வாதம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போனார். அக்கா மறுக்கவில்லை. “ஆசீர்வாதம் எண்டே போடட்டும். குடிவெறி மணந்து பாக்கிறன் எண்டு போட்டால் பெடியளின்ரை மானம் போகும்” என்றார்.

இன்னொரு பொறுப்பும் அவருக்கு இருந்தது. ஒரு பையனைச் சேர்க்கும்போதும், அவன் ஏதாவது வினை செய்துவிட்டு வரும்போதும், முதலாளி கூட்டம் போட்டு அக்காவைத்தான் கேட்பார்: “இவனுக்கு நீங்கள் பொறுப்பா?” அக்கா ஓம், அதாவது ஆம், என்றால் அவன் இருப்பான். அக்கா எப்போதும் ஓம் என்றுதான் சொன்னார். அந்த ஓமுக்காக அவர் பட்ட பாட்டை நான் அறிவேன். “திறமை இருக்கிற பெடியனை ஒருத்தரும் திருத்த மாட்டினம் தம்பி. திருத்தினால் அவன்ரை ஆட்டம் போயிடும் எண்டு பயம். அவன் விழுந்த பிறகு, அப்பவே தெரியும் எண்டு சொல்லுவினம்” என்பார்.

ஜூட் அவருக்குப் பழைய அறிமுகம். ஹைட்டியிலிருந்து வந்த தாய்க்கு மொன்ட்ரியால்-நோரில் பிறந்தவன். பதினான்கு வயதிலேயே அக்காவின் இல்லத்தில் இருந்திருக்கிறான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற புறநகரில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடிக்கொண்டிருந்தபோது குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டான். கல்லூரி கழற்றிவிட்டது. அக்காதான் அவனை எங்களிடம் அழைத்து வந்தார்.

அவனுடைய ஆட்டத்தை எப்படிச் சொல்வது? நான் பள்ளிக் காலத்திலிருந்து இந்த விளையாட்டைப் பார்க்கிறவன். ஜூட் ஒருபக்கம் பார்த்துக்கொண்டு இன்னொரு பக்கம் பந்தைக் கொடுப்பான். வாங்கியவனுக்கே அது கைக்கு வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன், என் மனைவிக்கு எரிச்சல் வரும் வரைக்கும். பெரிய அணிகளின் ஆட்கள் அவனைப் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். விளையாட்டே தெரியாத அக்காகூட அவன் ஆடும்போது பேச்சை நிறுத்திவிடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை கொட்டிய ஒரு சனிக்கிழமை, மதிய ஆட்டம் முடிந்து சாவி வாங்க ஜூட் வரவில்லை. அக்கா அவனுடைய சாவியை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாவியிலிருந்த பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். எந்த வண்டியும் விளக்குப் போடவில்லை. ஜூட் ஆரம்பத்திலேயே இரண்டாவது சாவி ஒன்று செய்து வைத்திருந்தான். அத்தனை ஆட்டங்களிலும் அவர் முன்னால் குனிந்து சாவி வாங்கிப் போனவன், இன்னொன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் குனிந்திருக்கிறான். அக்காவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. “என்னை விசரியாக்கிப் போட்டான்” என்றார்.

திங்கட்கிழமை கூட்டம். ஜூட் ஒன்றும் மறைக்கவில்லை. குடிக்கவில்லை, அம்மாவை டோர்வல் விமான நிலையத்திலிருந்து கூட்டிவரப் போனேன், பேருந்து ஓடவில்லை என்றான். அவன் தாய் விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தார். அக்கா அவனைப் பார்க்கவில்லை. அவனை வெளியே அனுப்பினார்கள். முதலாளிக்கு அவன் வேண்டும், பயிற்சியாளருக்கும் வேண்டும். வழக்கமான கேள்வியை முதலாளி கேட்டார். அக்கா பிரெஞ்சில், “நோன்” என்றார். இல்லை.

எல்லாரும் திகைத்துவிட்டோம். “நிச்சயமாகவா, மதாம்?” என்று முதலாளி மறுபடி கேட்டார். நான் தமிழில் மெதுவாக, “அக்கா, இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு பதில் சொல்றேன்னு சொல்லுங்க” என்றேன். “நாளைக்கும் இதுதான் தம்பி” என்றார்.

ஜூட்டின் சாவியை அவரே கொடுத்தார். வாசலில் அவன் கையில் வைத்தார். அவன் பழக்கத்தில் குனிந்தான். அக்கா அதற்குள் திரும்பி நடந்துவிட்டார். குனிந்தபடியே அவன் சற்று நேரம் நின்றதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டக் காணொளிகளைப் பார்க்கப் பிடிக்காமல் போனது.

சில வாரங்களில் தொலைபேசி. “ஜூட் மறியலிலை தம்பி.” இந்த முறை எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான். டெப்பானர் என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்த ஒரு மனிதர் அங்கேயே இறந்துவிட்டார். ஜூட்டின் வலது கால் நொறுங்கியது. பத்திரிகைகள் அக்காவின் தீர்க்கதரிசனத்தைப் புகழ்ந்தன. முதலாளி கைகுலுக்கி, நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்றார். அக்கா தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வழக்கு நடந்தபோது நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஜூட்டின் தாய் அக்காவைப் பார்த்திருக்கிறார். சண்டை போடவில்லை. அந்தச் சனிக்கிழமை மகன் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தான், ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா வேலையை விட்டார். அணியும் அடுத்த பருவத்துக்கு இல்லை, இழுத்து மூடிவிட்டார்கள்.

கடைசி வருஷங்களில் அவர் வீட்டுக்குப் போனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். “நான் கோவத்திலை சொன்னனோ, யோசிச்சுச் சொன்னனோ? நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள், சொல்லுங்கோ.” யோசித்துத்தான் சொன்னீர்கள் என்பேன். என் முகத்தைப் பார்ப்பார். “பொய் சொல்லாதேங்கோ தம்பி. எனக்கே தெரியேல்லை, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்பார். நடராசா அண்ணன் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஆறுதல் என்று எதைச் சொன்னாலும் அக்காவுக்கு எரிந்தது. அவர் அன்று ஓம் என்றிருந்தால் ஜூட் குடித்திருக்க மாட்டானா, இல்லை மூன்றாவது சாவி ஒன்று செய்திருப்பானா? எனக்கும் தெரியாது. எவருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையிலேயே ஒரு மனுஷி கரைந்து போனதை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

இறுதிச் சடங்கில் சொந்தக்காரர்கள், பழைய இல்லத்துப் பணியாளர்கள், அடுக்ககத்துப் பெண்கள் என்று ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். முதலாளி அனுப்பிய மலர்வளையத்தில் அக்காவின் பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை. எங்கள் ஆட்டக்காரர்களில் இரண்டு பேர்தான் வந்திருந்தார்கள். மூன்றாவதாக, கூட்டம் குறைந்த பிறகு, ஊன்றுகோலோடு ஒருவன் உள்ளே வந்தான். உடம்பு பெருத்துவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் போகும் வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது சிறைத்துறை விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறானாம். மாலைக்குள் திரும்பியாக வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சில் என்னிடம், “என்னைப் பற்றிப் பேசினாரா?” என்று கேட்டான்.

“உன்னைத் தவிர வேறெதுவும் பேசவில்லை” என்றேன்.

“பிறகு ஏன் ஒருநாள்கூட வரவில்லை?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். ஒருதடவை நாங்கள் இருவரும் சிறைக்குப் போனோம். வண்டியை நிறுத்திவிட்டு நான் கதவைத் திறந்தேன், அக்கா இறங்கவில்லை. “திருப்புங்கோ தம்பி. அவன் என்னைக் கண்டால் மன்னிச்சிடுவான். அதை என்னாலை தாங்க ஏலாது” என்றார். திரும்பி வந்துவிட்டோம்.

ஜூட் ஊன்றுகோலைப் பெட்டியின் ஓரத்தில் சாய்த்து வைத்தான். பிறகு சொன்னான்: “நான் மன்னித்திருக்க மாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் சட்டையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதான் பார்வையாளர் நாள்.”

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. அவன் தகனத்துக்கு நிற்கவில்லை, நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

இப்படிப்பட்ட கட்டுரையின் முடிவில் ஆன்மாவின் அமைதிக்காக ஒரு வரி எழுதுவார்கள். அக்காவுக்கு அது பொய் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும், எனவே எழுதவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். தகனத்துக்குப் போன உங்கள் வண்டிக்குப் பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன் அக்கா. பேருந்து நிறுத்தத்தில் ஜூட் தனியாக நின்றான். பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான், வண்டியைக் கவனிக்கவில்லை. நீங்கள் அவனைக் கடந்து போனீர்கள். இந்த முறையும் நிற்கவில்லை.