முயலுக்கு வாங்கிய துவக்கு

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரான சியாகுல்லியில் நானும் கணவரும் மண்டரின் தோடம்பழம் ஆய்கிற தோட்டத்துக்கு, முதலாளி புதுத் துவக்கு ஒன்று வாங்கி வந்தார். முயல் சுடுகிற சின்னத் துவக்கு. பிடி வெறும் பிளாஸ்டிக். மலிவு என்று அவருக்குப் பெருமை. எனக்கு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது.

“பிடித்துப் பார்” என்று கணவரிடம் நீட்டினார்.

சண்டைக் காலம் முழுக்க வன்னியில் ஒரு பேக்கரியில் பாண் போட்டதாகவும், துவக்கைத் தொட்டதே இல்லையென்றும் கலியாணத்துக்கு முன்பே எனக்குச் சொன்ன மனிதர். கையில் வாங்கியவுடன் குழலை நிலத்துக்குத் திருப்பினார், பூட்டை இழுத்தார், உள்ளே குண்டு கிடக்கிறதா என்று பார்த்தார்.

முதலாளி கைதட்டினார். நான் தட்டவில்லை.

பஸ்ஸில் கேட்டேன்: “உது எங்கை பழகினனீங்கள்?”

“படத்திலை பாத்தனான்.”

படம் போட்டால், பெயர் ஓடி முடியுமுன்னம் குறட்டை விடுகிற மனிதர்.