மொட்டைத் தலைக்கு ஒரு கொசுவலை

தலையில் முடி இருக்கும்வரை கொசு தலையைக் கடிக்காது என்பதே எனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தவள் நான். கொசு காலைக் கடிக்கும், கையைக் கடிக்கும், கழுத்தைக் கடிக்கும். தலையைப் பற்றி நினைத்தது கிடையாது. படவேட்டு அம்மனுக்கு முடியைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலையில் தறியில் உட்கார்ந்தேன். உச்சந்தலையில் ஒன்று, காதுக்கு மேலே ஒன்று, பிடரியில் ஒன்று என்று சொல்லி அனுப்பியதுபோல வந்து உட்கார்ந்தன. ஆரணியில் இருக்கிற கொசுவுக்கெல்லாம் அன்றைக்கு என் தலைதான் நாஷ்டா.

முடியை எதற்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆனி மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது என்றார் டாக்டர். ஈறில் ரத்தம் கசிந்து தலையணை உறை கறையாகிவிட்டது. எங்கள் ஒரே மகள் கட்டிக்கொண்டு வந்தவாசிப் பக்கம் போனவள், அவளும் அன்றைக்கு என்னுடன் இல்லை. வராந்தாவில் தனியாக நின்றுகொண்டு, "தாயே, இந்த ஆளை எனக்குத் திருப்பிக் குடுத்துடு, என் தலைமுடிய உனக்குக் குடுத்துட்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுத்து வேண்டவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் அதுதான் இருந்தது. ஆளும் பிழைத்தார்.

ஆடி வெள்ளிக்கிழமை இருவரும் சந்தவாசல் வழியாகப் போகும் பஸ்ஸில் படவேடு போனோம். மொட்டையடிப்பவர் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "நல்லா யோசிச்சிகினியாம்மா" என்று கேட்டார். யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். நான் அழவில்லை. பக்கத்து டீக்கடையில் என் வீட்டுக்காரர் தன் காலில் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே தலையைக் குனிந்தேன். மனசு நிறைந்திருந்தது என்பது சத்தியம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தது. முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். காய்ச்சல் கண்ட உடம்பு, காற்று வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நானே எத்தனை சமாதானம் சொல்லிக்கொண்டேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

ஆவணியில் என் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். அவர்தான் மூத்த தாய்மாமன். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கி வருவார், அதிலிருக்கும் புடவையை மாமன் பெண்டாட்டிதான் கையால் எடுத்துப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இப்ப நீ வேணாம்மே. மாப்ள வூட்டுக்காரங்க நாலு பேரு வருவாங்க. போட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்க. தை மாசம் கல்யாணத்துக்குள்ள முடி வளர்ந்துடும். அப்ப வா."

"உங்களுக்காகத்தானங்க மொட்டை போட்டேன்."

"நான் இல்லன்னா சொன்னேன்? பாக்கறதுக்கு ஒரு மாதிரி கீது. வேற ஒண்ணும் இல்ல."

என் ஓரகத்தி, அதாவது அவருடைய தம்பி பெண்டாட்டி, புடவையை எடுத்துக் கொடுத்தாள். வீடியோவை நாத்தனாரே எனக்கு அனுப்பியிருந்தாள். ஓரகத்தி பக்கத்தில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். சரி, தை மாதம் இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு பிடி முடி வந்தால் போதும், சவுரி வைத்துப் பின்னி பூவைச் சுற்றிக்கொண்டு போய் நிற்பேன். யார் என்னை வேண்டாம் என்கிறார்கள் பார்க்கலாம்.

ஆனால் முடி வளர வேண்டுமே. கொசு கடித்த இடத்தையெல்லாம் சொறிந்து சொறிந்து தலை பூராவும் புண்ணாகிவிட்டது. மெடிக்கல் கடைக்காரர் களிம்பு கொடுத்துவிட்டு, "தழும்பு வுழுந்த எடத்துல முடி மொளைக்கிறது கஷ்டம்மா, சொறியாத" என்றார். அன்றிலிருந்து கொசு எனக்குச் சாதாரணக் கொசு இல்லை. என் தை மாதத்தைக் கடிக்க வந்த சனியன்.

மற்றவர்கள் கொசுவை விரட்டலாம். பட்டு நெய்கிறவள் விரட்ட முடியாது. இரண்டு காலும் தறிக்குழிக்குள் மிதியின் மேல். ஒரு கை நாடாவை ஓட்டும் கயிற்றில், ஒரு கை இழையை அடித்து நெருக்கும் பலகையில். கொசுவை அடிக்க மூன்றாவது கை வேண்டும். இழை அறுந்துபோகும் என்று ஃபேன் போட மாட்டோம். இழை காய்ந்துவிடக் கூடாதென்று தரையில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்போம். அந்த ஈரமும் இருட்டும் போதாதா? கொசுவுக்கு நாங்களே மாமியார் வீடு கட்டிக் கொடுத்ததுபோலத்தான்.

முதலில் சந்தனம். மொட்டை போட்டதும் தலைக்குச் சந்தனம் பூசுவது வழக்கம்தானே, அதையே தினமும் குழைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரமாக இருக்கும்வரை ஒரு கொசு கிட்டே வரவில்லை. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து தறியில் விரித்திருந்த அரக்கு நிறப் பாவு இழைகளின் மேல் மஞ்சள் தூளாக விழுந்தது. வீட்டுக்காரர் பக்கத்துத் தறியிலிருந்து எழுந்து வந்து, "புடவைய நாசம் பண்ணிகினு கீற, அறிவு கீதா" என்றார். சந்தனம் போயிற்று.

வேப்பெண்ணெய் வியர்வையோடு வழியும். ஒரு சொட்டு பட்டில் விழுந்தால் அந்தப் புடவை அவ்வளவுதான். கொசுவத்தி கொளுத்தினால் அந்த வாசனை பட்டில் ஏறிவிடும், ஜரிகை கறுத்துப்போகும் என்பார். கடையில் விற்கும் கிரீமைப் பூசினால், தலையைத் தொட்ட கையால் இழையைத் தொடக் கூடாது என்று ஒரு சட்டம். துண்டைத் தலைப்பாகை கட்டினேன். மெல்லிய துண்டென்றால் கொசு அதன் மேலேயே குத்தியது, தடித்த துண்டென்றால் புழுங்கிப் புண்ணில் சீழ் வைத்தது. புடவைக்குப் பார்த்தார், ஜரிகைக்குப் பார்த்தார், கறைக்குப் பார்த்தார். என் தலைக்கென்று ஒரு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை உச்சந்தலையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. திரும்பினால் அவர் நிற்கிறார். "கொசு" என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தையில் பூ வாங்கி வந்த சின்ன மூங்கில் கூடை ஒன்று கிடந்தது. அதன் அடிப்பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு வெறும் சட்டமாக்கி, பழைய கொசுவலையை அதன் மேல் இழுத்துத் தைத்தேன். வலை கழுத்துவரை தொங்கும். கூடையின் விளிம்பு நெற்றியில் உட்காரும், வலை தலையைத் தொடாது, காற்றும் வரும். பால் ஊற்ற வந்தவள் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தேன் எடுக்கப் போறியா" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். கொசுக்கள் வலைக்கு வெளியே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. புண் ஆறியது. புரட்டாசியில் தலை கறுத்தது. ஐப்பசியில் விரலிடுக்கில் பிடிக்கிற அளவுக்கு முடி வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று அதைப் பிடித்துப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பைத்தியம் என்று வீட்டுக்காரர் நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும்.

தலையைக் காப்பாற்றினேன். காலை மறந்துவிட்டேன். காலிரண்டும் நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் அல்லவா இருக்கின்றன. ஐப்பசி மழையில் குழியின் மூலையில் தண்ணீர் ஊறியிருந்தது. எது எப்போது கடித்ததோ, எனக்கும் அதே காய்ச்சல் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே வராந்தா. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது. வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த மனுஷன் நமக்காகப் பயப்படுகிறாரே என்று. அந்த ஜுரத்திலும் அவர் தலையைத்தான் பார்த்தேன். இந்த வயசிலும் அடர்த்தியான முடி, நரைகூட இரண்டு பக்கமும் கொஞ்சம்தான். தினமும் எண்ணெய் வைத்துப் படிய வாருவார். அதை எனக்காக வேண்டிக்கொள்வாரா என்று ஓர் ஆசை. கேட்கக் கூடாது, தானாகச் செய்ய வேண்டும் என்று வாயைத் திறக்காமல் படுத்திருந்தேன்.

நானும் பிழைத்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அவரே ஆரம்பித்தார்.

"அம்மன்தாம்மே உன்ன காப்பாத்திச்சி. ரொம்ப பேஜாரா பூட்சி எனக்கு. வேண்டிகினேன்."

கஞ்சி டம்ளரை வாயிலிருந்து எடுத்தேன். "இன்னா வேண்டிகினீங்க?"

"முடி குடுக்கறதாத்தான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையைப் பார்த்தேன். அவர் என் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு நல்லானதும் உன்ன கூட்டிகினு வந்து முடி எறக்கறேன்னு வேண்டிகினேன்."

நான் கேட்டேன். "உங்க முடிய வேண்டிக்க வேண்டியதுதானங்க?"

"உசுரு உன்னுது. உன் முடியத்தான குடுக்கணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தையில கல்யாணம் கீது. தாய்மாமன் மொட்டையா போயி நிக்க முடியுமா" என்றார்.

அவருடைய உயிருக்கும் என் முடி, என்னுடைய உயிருக்கும் என் முடி. மனசு விட்டுப்போயிற்று. அவர் மேல் எனக்குக் கோபம் வந்ததென்று சொன்னால் போதாது, அந்தக் கஞ்சியை எடுத்து அவர் படிய வாரிய தலையில் ஊற்ற வேண்டும்போல இருந்தது. கல்யாணம் முடியட்டும், பிறகு போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நாத்தனார் போனில் வந்தாள். "அண்ணி, வேண்டுதல பாக்கி வெச்சிகினு நல்ல காரியம் பண்ணக் கூடாது. அம்மன் குத்தம் ஆயிடும்" என்றாள். குற்றம் யாருக்கு ஆகும் என்று கேட்டேன். "வாய் தொறந்து வேண்டினவங்களுக்குத்தான்" என்றாள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேண்டியவர் அவர். என் முடி என் தலையிலேயே இருந்தால் தெய்வக் குற்றம் அவர் மேல் இறங்கும். அவருடைய ஈறிலிருந்து ரத்தம் கசிந்ததை நான் என் கையால் துடைத்திருக்கிறேன். இனி ஒரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது. எனக்கு அவர் மேல் எவ்வளவு வெறுப்பு இருந்ததோ அவ்வளவு பயமும் இருந்தது. கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் படவேட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்தேன். அவர் அதே டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நான் அவரைப் பார்க்கவில்லை, மொட்டையடிப்பவரின் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நீள முடி, தரையில் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

மார்கழி முழுவதும் கூடையையும் வலையையும் தலையில் மாட்டிக்கொண்டு, காலில் பழைய கோணியைச் சுற்றிக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்குச் சீர்ப் புடவை நெய்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. ஓர் இழை தப்பில்லை. ஒரு கறை இல்லை. யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்.

கல்யாணத்தன்று காலையில் அவர் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். தேங்காயெண்ணெய் தடவி, வகிடு எடுத்து, அது கோணல் என்று கலைத்து மறுபடி வாரினார். நான் சீர்த்தட்டில் புடவையை மடித்து வைத்து, மேலே பூவும் குங்குமமும் வைத்துக் கொடுத்தேன். அவர் என்னை வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. வாசலில் ஓரகத்தி பட்டுப் புடவையோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, ஏதோ மறந்தவர்போலத் திரும்பி வந்தார். நான் அவசரமாக முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"நான் வர இருட்டிடும்மே" என்றார். "கொசு வரும். ஜன்னல சாத்திக்கோ."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினேன். கொசு உள்ளேதான் இருந்தது.